டீக்கடையிலிருந்து உலகப் பயணம்



உலகம் சுற்றிப் பார்ப்பது பணக்காரர்களுக்கு மட்டும்தானா? கேரளத்தில் உள்ள கொச்சி நகரைப் பாருங்கள். அங்கே விஜயன், மோகனா என்ற கணவனும் மனைவியும் சின்ன டீக்கடை நடத்தினார்கள். எல்லா வேலையையும் இருவருமே செய்தார்கள். தினமும் 300 ரூபாய் சேர்த்தார்கள். போதாத பணத்தைக் கடன் வாங்கினார்கள். ஊர் பார்த்துத் திரும்பினார்கள். உழைத்துக் கடனை அடைத்தார்கள். பிறகு அடுத்த பயணம்!

2007 முதல் 25-க்கும் அதிகமான நாடுகளைப் பார்த்தார்கள். கடைச் சுவர் முழுவதும் பயணப் படங்கள்!

2021 அக்டோபரில் இருவரும் ரஷ்யா போனார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். "வசதி வரட்டும், போகலாம்" என்று காத்திருந்தால் எதைப் பார்த்திருப்பார்?

நீங்கள் பார்க்க நினைக்கும் ஊர் எது? அதற்காக இன்றே ஓர் உண்டியல் வையுங்கள்.