பழைய போனுக்கு அப்டேட் எப்போது வரும்?

நான்கைந்து வருஷமாகக் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். பேச முடிகிறது, படம் எடுக்க முடிகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் மற்றவர்களுக்குப் போன மாதமே வந்த அப்டேட் உங்களுக்கு மட்டும் வரவில்லை. செட்டிங்ஸில் போய்த் தேடினால், ‘உங்கள் போன் புதிய நிலையில்தான் இருக்கிறது’ என்கிறது. இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கம்பெனி கடைசியாகத் தந்தது ஏறியிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். தருவதையே நிறுத்திவிட்டிருந்தாலும் அதே வாசகம்தான் வரும்.

அதைவிட ஒரு தேதியைப் பாருங்கள். செட்டிங்ஸில் ‘அபவுட் ஃபோன்’ போய், ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால், செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். சில போன்களில் வேறு இடத்தில் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். 2015இல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரியவந்தது. ஒரு வீடியோ செய்தியை அனுப்பியே அடுத்தவர் போனுக்குள் நுழைந்துவிடலாம் என்ற நிலை. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. எந்த மாதத்துத் திருத்தம்வரை உங்கள் போனுக்கு வந்திருக்கிறது என்பதைத்தான் அந்தத் தேதி சொல்கிறது. இரண்டு மூன்று மாதம் பின்தங்கியிருந்தால் பொறுத்திருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால், பெரும்பாலும் இனி வராது.

கூகுள் எழுதுவது நேராக உங்கள் கைக்கு வருவதில்லை. முதலில் குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் அதைத் தங்கள் சிப்புக்குப் பொருந்தும்படி செய்ய வேண்டும். பிறகு போன் கம்பெனி தன்னுடைய கேமரா, திரை எல்லாவற்றோடும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அங்கே புது மாடலுக்குத்தான் முதலிடம். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து சில பகுதிகளை மட்டும் கூகுளே நேராக அனுப்புகிறது. ‘கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்’ என்று தனி வரி இருக்கும். அதையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

தாமதத்தை நான் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. கைவிடுவதுதான் குற்றம். நெதர்லாந்தில் ஃபேர்ஃபோன் என்று ஒரு சிறிய கம்பெனி. அவர்களுடைய ஃபேர்ஃபோன் 2 வெளிவந்தது 2015 கடைசியில், ஆண்ட்ராய்டு 5 உடன். சில வருஷங்களில் அதன் சிப்புக்குப் புதிய ஆண்ட்ராய்டைத் தருவதை குவால்காம் நிறுத்திவிட்டது. வேறு கம்பெனி என்றால் அதோடு கையைக் கழுவியிருக்கும். இவர்கள் தாங்களே உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய லீனியேஜ் ஓஎஸ் என்ற திறந்த மென்பொருளையும் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். கூகுள் கேட்கும் லட்சக்கணக்கான சோதனைகளையும் தாண்டினார்கள். ஆண்ட்ராய்டு 9 உலகத்துக்கு வந்தது 2018இல், இந்தப் போனுக்கு வந்தது 2021இல். தாமதம்தான், ஆனால் வந்துவிட்டது! 2023 வரை அந்தப் போன் கவனிக்கப்பட்டது. மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்டேட் வந்துவிட்டால் அவசரப்படாதீர்கள். போட்டோக்களை வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். இடம் போதாமல் பாதியில் நிற்கும் அப்டேட்டுகள் ஏராளம். பழைய வீடியோக்களை அழித்து இடம் செய்யுங்கள். சார்ஜரில் போட்டு, வைஃபையில், இரவில் ஓடவிடுங்கள். மறுநாள் போன் சுடும், மெதுவாகும். உள்ளே எல்லா ஆப்களையும் அது புதிதாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது. ஓரிரு நாளில் அடங்கும். அடங்காவிட்டால் பேட்டரியைப் பாருங்கள். தேய்ந்த பேட்டரியுள்ள பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றியவர்களுக்கு வேகம் திரும்பக் கிடைத்தது.

அப்டேட் நின்றுபோன போனைத் தூக்கி எறிய வேண்டாம். பாட்டுக் கேட்கலாம், அலாரம் வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் காட்டலாம். வங்கிக் கணக்கையும் யூபிஐயையும் மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘போனை அப்டேட் செய்ய இதைத் தொடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். உண்மையான அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும், குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒன்று வர வேண்டும். அதுவரை கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எந்த வருஷம்வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு ஏழு வருஷம் என்று அந்தக் கம்பெனிகள் அறிவித்திருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. தீபாவளித் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும் போன் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாடலாக இருந்தால், அந்த இரண்டு வருஷத்தைக் கழித்துவிட்டு விலையைப் பாருங்கள்.