அறிவு அளந்து வைத்த பொருளன்று



"அவனுக்கு மூளை அவ்வளவுதான்" என்னும் பேச்சை ஆசிரியர் அறைகளில் நாம் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். பள்ளி வாயில் தலைமுறை தலைமுறையாக அடைக்கப்பட்டிருந்த நம் மக்கள் மீதே அது மிகுதியும் வீசப்பட்டது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், இளம் ஆசிரியப் பருவத்தில் நாமும் அதனைச் சொன்னதுண்டு. அது உண்மைதானா?

1905ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு உளவியலறிஞர் ஆல்ஃபிரட் பினே, சைமன் என்பாருடன் சேர்ந்து அறிவுச் சோதனையை வகுத்தார். பள்ளியில் தனிக் கவனிப்பு வேண்டிய குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு கூட்டவே இயலாத அளவு என்னும் கருத்தை அவரே 1909இல் கண்டித்தார். பயிற்சியால் அது வளரும் என்றார். ஆயினும், உதவுவதற்குச் செய்த அளவுகோலைப் பின்வந்தோர் பலர் ஒதுக்குவதற்குப் பயன்படுத்தினர்.

கல்லூரிக் கல்வியிலிருந்து ஒரு சான்று காண்போம். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோல்வியுற்றனர். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை என்று ஆசிரியர்கள் காரணம் கூறினர். யூரி டிரைஸ்மன் என்பவர் அதனை அப்படியே ஏற்கவில்லை. கறுப்பின மாணவர் இருபதின்மரும் சீன வழியினர் இருபதின்மரும் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை அருகிருந்து கவனித்தார். கூறப்பட்ட காரணங்கள் பொருந்தவில்லை. சீன வழியினர் தனியே படித்தபின் கூடியமர்ந்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். கறுப்பின மாணவரோ தனித்தே உழைத்தனர். தவறு எங்கே என்று சொல்வாரில்லை.

எளிய பாடத்தை மீண்டும் நடத்துவதே வழக்கமான பரிகாரம். டிரைஸ்மன் அதற்கு மாறாக, மாணவரைச் சிறு குழுக்களாக அமர்த்திக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். பின்தங்கியோர் வகுப்பு என்று அதற்குப் பெயரிடவில்லை. பங்கேற்றோரின் மதிப்பெண்கள் உயர்ந்தன, தோல்வி குறைந்தது. மாணவரின் மூளை மாறவில்லை. கற்பித்த முறையே மாறியது.

இளைஞர்களே! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்லும் நம் பிள்ளை, ஐயம் கேட்டால் இகழ்வார்களோ என்று அஞ்சி விடுதி அறையில் தனித்திருக்கிறான். அந்த அச்சத்தை விடுங்கள். வாரம் இருமுறையேனும் கூடுங்கள். கடினமான பகுதியையே முதலில் எடுங்கள். தெரிந்தவர் விடையைச் சொல்லிவிடாமல், வழியைக் கேட்டு வாங்கட்டும். பட்டம் பெற்ற உறுப்பினர்கள் உடன் அமரட்டும்.

"அவ்வளவுதான்" என்னும் சொல், நம் பிள்ளைகளைக் குறித்து நம் நாவிலேனும் இனி வாராதிருக்கட்டும்.