கதைமாந்தர் இறப்பும் சுவைஞர் வழக்கும்



பிறவாத ஒருவன் இறக்க இயலுமா? வினா விந்தையானது. எனினும், கதைமாந்தன் ஒருவன் இறந்துவிட்டான் என்பதற்காகச் சினந்து மடல் எழுதியோரும், காசு கொடுத்து விளம்பரம் வெளியிட்டோரும், முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் வழக்காடி ஓயாதோரும் உலகில் உளர். ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் தாம் படைத்த துப்பறிவாளன் ஷெர்லாக் ஹோம்ஸை 1893ஆம் ஆண்டு அருவியொன்றின் விளிம்பில் முடித்துவைத்தார். 1903ஆம் ஆண்டில் அவனை உயிரோடு திரும்பி வரச்செய்ய அவருக்கு நேர்ந்தது. படிப்போரின் வேட்கையும் பதிப்பாளர் தரமுன்வந்த ஊதியமும் அவரைப் பணியவைத்தன.

இவ்வழக்கு அறிவியல் புனைகதைத் திரைப்படத்தில் மேலும் கூர்மை பெறுகிறது. காலத்தைப் பின்னோக்கிக் கடக்கலாம், விண்மீன்களைத் தாண்டலாம், உடலை மீண்டும் வனையலாம். இயலாதது எதுவுமில்லை என்னும் அக்கதையுலகில் இறப்பும் மீட்கத்தக்கதே. ஆகவே அங்கு ஒருவர் இறந்தார் என்றால், "ஏன் இறக்கவேண்டும்?" என்று சுவைஞர் கேட்பது இயல்பு. அவ்வினாவுக்குப் படைப்பாளர் விடையிறுத்தாக வேண்டும். 1982ஆம் ஆண்டில் ஒரு திரைப்படமும் 1992ஆம் ஆண்டில் ஒரு திரைப்படமும் தந்த இருவேறு விடைகளை இங்கு ஒப்புநோக்குவது தகும்.

அதற்கு முன், தமிழ் மரபு தந்த அளவுகோல் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவினை ஒன்றாக வைத்தார். புறப்பாடல்களில் கையறுநிலை என்பது ஒரு துறை. அதியமான் மாய்ந்தபோது ஔவையார் பாடியது அத்துறையைச் சார்ந்தது. கையறுநிலை இறந்தோனுடைய பாட்டன்று, எஞ்சியோருடைய பாட்டு. இறந்தவன் யார் என்பதோடு, அவனை இழந்து நிற்பவர் யார் என்பதையும் அது சொல்கிறது. திரையரங்கை விட்டு வெளியே வரும் சுவைஞரும் ஒருவகையில் எஞ்சியோரே.

ஸ்பாக்கின் சாவு

ஜீன் ராடன்பெரி படைத்த 'ஸ்டார் ட்ரெக்' 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர். அதில் ஸ்பாக் என்பவன் பாதி மனிதன். பாதி வல்கன் என்னும் வேற்றுலகத்தான். உணர்ச்சியை அடக்கி அறிவின் வழியே நடப்பது வல்கன் மரபு. அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் லெனார்ட் நிமாய். இரண்டாவது திரைப்படத்தை உருவாக்க முனைந்தபோது, நடிக்கத் தயங்கிய நிமாய்க்கு ஸ்பாக்கின் இறப்புக் காட்சியையே ஈர்ப்பாகக் காட்டி அழைத்தார் தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட்.

செய்தி வெளியே கசிந்தது. சுவைஞர் கொதித்தனர். ஸ்பாக்கைக் கொன்றால் நிறுவனத்திற்குப் பெரும் இழப்பு நேரும் என எச்சரித்து விளம்பரமே வெளியாயிற்று. தமக்கு மிரட்டல் மடல்கூட வந்ததாக இயக்குநர் நிக்கலஸ் மேயர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

முதலில் எழுதப்பட்ட கதையில் ஸ்பாக் தொடக்கப் பகுதியிலேயே எதிர்பாராத வகையில் இறப்பதாக இருந்தது. செய்தி கசிந்தபின் அவ்விறப்பு இறுதிக்கு நகர்த்தப்பட்டது. படத்தின் தொடக்கத்திலோ, ஸ்பாக் வீழ்வதுபோன்ற ஒரு காட்சி வருகிறது. அடுத்த கணமே அது பயிற்சிக்கூடத்தில் நடந்த நடிப்பு என்று தெரிகிறது. அச்சத்தோடு வந்தமர்ந்தோர் "இவ்வளவுதானா!" என்று மூச்சுவிட்டனர். அவர்கள் மறந்திருந்த வேளையில் உண்மைச் சாவு வந்தது. ஆக, சுவைஞர் எழுப்பிய கூச்சல் படைப்பைக் கெடுக்கவில்லை, செம்மைப்படுத்திற்று. பொருளற்ற திடுக்கீடாக இருந்திருக்கக்கூடிய ஒரு சாவு, கதையின் முடிவும் முடியுமாக அமைந்தது.

கலம் பழுதுற்று நிற்கிறது. அனைவரும் மாயும் நேரம் நெருங்குகிறது. ஸ்பாக் ஒருவரிடமும் சொல்லாமல் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் புகுந்து பழுதை நீக்குகிறான். கலம் தப்புகிறது; அவன் தப்பவில்லை. கண்ணாடித் தடுப்பின் இப்புறம் நண்பன் கிர்க், அப்புறம் ஸ்பாக். பலருடைய நலத்தின் முன் ஒருவனுடைய நலம் சிறிதென்னும் கணக்கைச் சொன்ன அவனுடைய வாய், இறுதியில் நட்பைச் சொல்கிறது. கண்ணாடியின் இருபுறமும் இரு கைகள் பொருந்துகின்றன, தொட இயலவில்லை. அதன்பின் இறுதிச் சடங்கு. இரங்கலுரை சொல்லும் கிர்க்கின் குரல் உடைகிறது. திரைப்படம் பாடிய கையறுநிலை அது.

படம் வெளிவந்தபின் எதிர்ப்பு தணிந்தது. இறந்ததை மறுத்தவர்களே அவ்விறப்பைப் போற்றலாயினர். காரணம் வெளிப்படை. இறப்பவன் இறப்பைத் தானே தேர்ந்தான். பார்ப்போர் அதற்குச் சான்றாக நிறுத்தப்பட்டனர். எஞ்சியோர் அழுவதற்கு இடம் தரப்பட்டது.

உறக்கத்தில் மாய்ந்தோர்

பத்தாண்டு கழித்து மற்றொரு வழக்கு எழுந்தது. 1986ஆம் ஆண்டு ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'ஏலியன்ஸ்' படத்தில், கொடிய உயிரிகள் சூறையாடிய குடியிருப்பொன்றில் எஞ்சியிருப்பவள் நியூட் என்னும் சிறுமி. மகளை இழந்த ரிப்ளி அச்சிறுமிக்குத் தாயாகிறாள். உயிரிகள் அவளைக் கவர்ந்து சென்றபோது, ரிப்ளி தன்னந்தனியளாய் அவற்றின் கூட்டுக்குள் இறங்கி அவளை மீட்டு வருகிறாள். ஹிக்ஸ் என்னும் படைவீரனும் புண்பட்ட நிலையில் உயிர் தப்புகிறான். மூவரும் உறைதுயில் பேழைகளில் கண்மூட, படம் நிறைவுறுகிறது.

1992ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏலியன் 3' தொடக்கப் பெயர்கள் திரையில் ஓடும்போதே அக்குடும்பத்தைக் குலைத்தது. தப்பிக்கும் கலம் சிறைக்கோள் ஒன்றில் மோதி வீழ்கிறது, நியூட் பேழைக்குள்ளேயே நீரில் மூழ்கி இறக்கிறாள், ஹிக்ஸும் மடிகிறான். கண்விழித்த ரிப்ளிக்கு ஒரு மருத்துவன் செய்தி சொல்கிறான். டேவிட் பிஞ்சர் என்னும் இளைஞர் இயக்கிய முதல் திரைப்படம் இது. முடிவைக் கேமரூன் பின்னாளில் வெளிப்படையாகக் கண்டித்தார். ஆயினும் பிஞ்சரின் திறமையை மறுத்தாரல்லர்.

சுவைஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர். ஒரு கட்சியின் கூற்று இது: முற்படத்தில் ரிப்ளி இருளில் இறங்கியதன் பொருள் என்ன? மீட்கப்பட்டவள் உறக்கத்திலேயே மடிவாளாயின் மீட்பு வீணாயிற்று. அதைக் கண்டு நெஞ்சு பதைத்த பார்வையாளர் ஏமாற்றப்பட்டனர். மறுகட்சியின் கூற்று: உலகில் சாவு அறிவித்துக்கொண்டா வருகிறது? உறங்கும் குழந்தைமேல் வீடு இடிந்து வீழ்வதில்லையா? அப்பொருளற்ற இழப்பே இப்படத்தின் பொருள். அதனைத் தாங்கி நிற்கும் ரிப்ளியின் துயரே இதன் சுவை.

இரண்டாம் கட்சியின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அப்படத்திலும் இறுதிச் சடங்கு உண்டு. இரு உடல்களும் உலைத்தீயில் இடப்படும்போது சிறையாளி ஒருவன் இரங்கலுரை நிகழ்த்துகிறான். அதே வேளையில் வேறோரிடத்தில் கொடிய உயிரி பிறக்கிறது. சாவையும் பிறப்பையும் பின்னிய அக்காட்சி வலிமை வாய்ந்தது என்பதைப் பகைவரும் ஒப்புவர். ஆயின், அழுகைக்கு இடம் தந்தும் வழக்கு ஏன் தீரவில்லை?

சடங்கு இருந்தது, சான்று இல்லை என்பதே விடை. நியூட் இறந்ததை எவரும் காணவில்லை; ரிப்ளியும் காணவில்லை; பார்வையாளரும் காணவில்லை. இறந்தோருக்குத் தேர்வு இல்லை. இறுதிச் சொல் இல்லை. போர்க்களத்தில் மகன் வீழ்ந்தான் என்று கேட்ட தாய்க்கும், மகன் திரும்பவில்லை என்று மட்டும் கேட்ட தாய்க்கும் உள்ள வேற்றுமை இங்கு உள்ளது. முன்னவள் அழுது முடிப்பாள். பின்னவள் வாயிலை நோக்கியே இருப்பாள்.

அவ்வாறே சுவைஞரும் வாயிலை நோக்கியிருந்தனர். 1988ஆம் ஆண்டில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய படக்கதையில் நியூட்டும் ஹிக்ஸும் உயிரோடு வாழ்ந்தனர். திரைப்படம் அவர்களைக் கொன்றபின், மறுபதிப்பில் அவ்விருவர் பெயரும் பில்லி, வில்க்ஸ் என மாற்றப்பட்டன. 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய பெயர்கள் மீண்டும் இடம்பெற்றன. வில்லியம் கிப்சன் எழுதிப் படமாகாதுபோன ஏலியன் மூன்றாம் படக் கதையில் ஹிக்ஸ் உயிரோடிருந்தான். அது 2019ஆம் ஆண்டில் ஒலிநாடகமாயிற்று. முன்னர் ஹிக்ஸாக நடித்த மைக்கேல் பீனே அதில் குரல் கொடுத்தார். ஒரு பெயரை அழிப்பதும் மீண்டும் எழுதுவதுமாகக் கழிந்த அவ்வாண்டுகள், ஏற்கப்படாத சாவு எவ்வளவு காலம் வாழும் என்பதற்குச் சான்று.

மீட்சியின் விலை

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. சுவைஞர் ஏற்றுக்கொண்ட சாவு மாற்றப்பட்டது; ஏற்க மறுத்த சாவோ திரையில் அப்படியே நின்றது.

ஸ்பாக்கின் படத்தை முன்னோட்டமாகக் கண்டோர் துயரோடு வெளியேறியதால், இறுதியில் நம்பிக்கை தரும் காட்சியொன்று பின்னர்ச் சேர்க்கப்பட்டது. புதிதாய்ப் பிறந்த உலகின் பசுமைக்கு நடுவே ஸ்பாக்கின் பேழை கிடக்கும் அக்காட்சியை மேயர் விரும்பவில்லை. சாவு சாவாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. எனினும் 1984ஆம் ஆண்டு, நிமாயே இயக்கிய மூன்றாம் படத்தில் ஸ்பாக் மீண்டான். அம்மீட்சி இனாமாக வரவில்லை. கிர்க் தன் மகனை இழந்தான். தன் உயிரினும் மேலாகக் கருதிய எண்டர்பிரைஸ் கலத்தைத் தானே அழித்தான். ஓர் உயிருக்கு ஓர் உயிரும் ஒரு வாழ்நாள் உழைப்பும் ஈடாயின. அதனால் பலர் மனம் ஒப்பினர், சிலர் ஒப்பவில்லை.

2013ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னெஸ்' அதே கண்ணாடிக் காட்சியை இடம் மாற்றி அமைத்தது. இம்முறை உள்ளே மாய்பவன் கிர்க். வெளியே கலங்குபவன் ஸ்பாக். ஆனால் சிறிது நேரத்திலேயே, பகைவனின் குருதியிலிருந்து கிடைத்த மருந்தால் கிர்க் எழுந்துவிடுகிறான். நெடுநாள் சுவைஞர் பலர் இதனை எள்ளினர். காட்சி ஒன்றே, கைகள் அவ்வாறே பொருந்தின, விலை மட்டும் கொடுக்கப்படவில்லை. உவமையை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்ட பாட்டைப்போல் அது நின்றது.

எஞ்சியோர் உரிமை

எனவே, இறப்பு வேண்டும், வேண்டா என்பது இவ்வழக்குகளின் மெய்ப்பொருள் அன்று. கொல்லும் உரிமை படைப்பாளருடையது. அதனைச் சுவைஞர் பறிக்க இயலாது. ஆயின் அழும் உரிமை எஞ்சியோருடையது. அதனைப் படைப்பாளர் பறிக்கலாகாது. காணவிடாமல் கொல்வது அவ்வுரிமையைப் பறிக்கும் ஒரு வழி. அழுத கண் உலருமுன் விலையின்றி உயிர்ப்பிப்பது மற்றொரு வழி. முன்னது துயரை முடியவிடுவதில்லை. பின்னது துயரைப் பொய்யாக்கிவிடுகிறது.

இது வெறும் திரைப்பட ஆர்வலர் பூசல் என்று கருதுவோர்க்கு ஒரு நிகழ்ச்சி. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் லெனார்ட் நிமாய் தம் 83ஆம் வயதில் இயற்கை எய்தினார். இம்முறை அடுத்த படம் இல்லை; மீட்சி இல்லை. விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து உயர்த்தும் வல்கன் வாழ்த்தினை, சிறுவயதில் யூதர் வழிபாட்டிடத்தில் கண்ட குருமாரின் ஆசியிலிருந்து எடுத்துத் தொடருக்குத் தந்தவர் அவரே. அன்னார் மறைந்தபோது, பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்த டெர்ரி வர்ட்ஸ் என்னும் விண்வெளி வீரர், சாளரத்தின் முன் அவ்வாறே கையை உயர்த்தி, பின்னே புவி தெரியப் படமெடுத்து அனுப்பினார். மீண்டும் ஒரு கண்ணாடி. மீண்டும் ஒரு கை. அப்புறத்தில் கை வைக்க ஒருவரும் இல்லை.

1982ஆம் ஆண்டில் ஒரு கற்பனைச் சாவுக்காக அழுதோர், 33 ஆண்டுகள் கழித்து ஓர் உண்மைச் சாவை எதிர்கொள்ள ஒரு சைகையைக் கைவசம் வைத்திருந்தனர். கையறுநிலை பாடும் கவிஞன் எஞ்சியோர்க்கு அளிப்பதும் அத்தகைய ஒன்றே. ஆகவே, பாட்டிலோ கதையிலோ ஒருவரைச் சாகவைக்கும் எழுத்தாளர், அவர் பின்னே நின்று அழப்போகிறவரையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.