தாடைக்குக் கீழே ஒரு புடைப்பு

கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்பதுண்டு: "தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும் புடைப்பாத் தெரியுதே, இந்தக் கொழுப்பைக் கரைக்க முடியுமா?"

பல வேளைகளில் அது கொழுப்பே இல்லை, உமிழ்நீர்ச் சுரப்பி. சும்மா இருக்கும்போது வாயில் ஊறும் எச்சிலில் பெரும்பகுதியைத் தருவது அதுதான். வயது ஏறிக் கழுத்து தளரும்போது கீழிறங்கித் தெரியும். சிலருக்கு இளமையிலேயே அப்படித்தான் இருக்கும். கழுத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தால், சுரப்பி முன்னைவிட எடுப்பாகத் தெரியக்கூடும்.

அதைச் சுருக்க போடாக்ஸ் ஊசி போடுகிறார்கள். சில மாதங்கள் பலன் தரும், பிறகு மறுபடியும் போட வேண்டும். வாய் உலரலாம், மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் விழுங்கச் சிரமமாகும். மற்றொரு வழி, கழுத்தை இறுக்கும் அறுவையின்போது துருத்திய பகுதியை வெட்டி எடுப்பது. முகத்துக்குப் போகும் தமனியும், கீழுதட்டையும் நாக்கையும் அசைக்கும் நரம்புகளும் அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சுக்கே ஆபத்து. இந்த அறுவையைச் செய்யலாமா என்பதில் ஒட்டறுவை நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. அழகுக்காக மட்டும் என்றால், அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது என்பேன்.

போடாக்ஸ் ஊசியை அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். பதிவில்லாத கிளினிக் நடத்துவோருக்கு 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டப்படி 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ உண்டு. மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. சாப்பிடும்போது வீங்கி வலித்து, பிறகு வடிந்தால் கல் இருக்கலாம். உமிழ்நீர்க் கற்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்தச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. ஒரே பக்கம், கெட்டியாக, வலியே இல்லாமல் வளர்கிறதா? அது சுரப்பியில் வந்த கட்டியாகவோ, வாய்ப்புற்று பரவிய நெறிக்கட்டாகவோ இருக்கலாம். மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையேதான் அதிகம். வெற்றிலை பாக்கு அதற்கு ஒரு பெரிய காரணம். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003இல் அறிவித்தது.

பந்திங், மோரிப், கேரித் தீவு நேயர்களே, உங்கள் வீட்டுப் பாட்டிக்கோ அம்மாவுக்கோ தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீக்கம் மூன்று வாரமாகியும் வடியவில்லையா? "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அரசாங்க கிளினிக்குக்கோ பந்திங் மருத்துவமனைக்கோ இந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள்.