எஞ்சியிருக்கும் முக்கால் பங்கு



இணையம் கல்விக்குச் செய்திருக்கும் நன்மையை முதலில் மனம் நிறையச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. அதுவரை நுழைவுத்தேர்வில் வென்ற சிலருக்கே கிடைத்துவந்த வகுப்புரைகள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தன. சிற்றூர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இன்று ஐ.ஐ.டி. பேராசிரியரிடமே பாடம் கேட்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடியும் கேட்கலாம். இதை நான் பெரிய சமூக நீதியாகவே கருதுகிறேன்.

கேட்டவர்கள் எல்லாரும் கற்றார்களா? எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய பாடங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர்தான் பாடத்தை முடித்திருந்தார்கள். சும்மா பார்த்துப்போக வந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆனாலும் அது மிகக் குறைவு.

முடித்தவர்களிடமும் பாடம் நிற்குமா என்பதற்கான விடையை நினைவாற்றல் ஆராய்ச்சியில் தேடலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்து 2006-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தவணையும் படித்தது. இன்னொரு குழு முதல் தவணை மட்டும் படித்து, அடுத்த மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காடு, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 40 விழுக்காடு நின்றது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. மறுபடி மறுபடி காணொளி பார்க்கும் மாணவர் இந்த எண்களைத் தம் மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் நடந்த ஆய்வு இன்னும் கவலை தருவது. குழுவாகக் கணக்குப் போட்டுத் திணறிய மாணவர்கள், சரளமான விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். பார்த்தவர்களின் மனநிறைவைக் கொண்டு மட்டும் காணொளியின் தரத்தை அளக்கும் நமக்கு இது எச்சரிக்கை.

பவணந்தியார் நன்னூல் என்ற இலக்கண நூலில் கற்றலுக்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கைவருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை. இணையம் அந்த முதல் காலை உலகுக்கெல்லாம் வழங்கிவிட்டது. எஞ்சிய முக்கால் உள்ளூரில்தான் நடந்தாக வேண்டும்.

என்.பி.டி.இ.எல். அமைப்பினருக்கும் இது தெரியும். அதனால்தான் சான்றிதழுக்கு வாராந்தரப் பயிற்சிகளும், நேரில் போய் எழுதும் தேர்வும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சிகளின் விடைகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும்போது, மதிப்பெண் வந்துவிடுகிறது, பயிற்சி போய்விடுகிறது. பிள்ளைகளை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியறையில் தனியாகத் திணறும் மாணவருக்குக் கேட்க ஆள் இல்லை.

ஆகவே இக்கல்லூரியிடமும், ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்ற இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஒரு வகுப்பறையை இந்த முக்கால் பங்குக்கென ஒதுக்குங்கள். அங்கே புரொஜெக்டர் வேண்டாம். அந்த வாரப் பாடத்தைக் கேட்டுவந்த மாணவர் ஒருவர், குறிப்பைப் பார்க்காமல், கரும்பலகையில் தமிழில் விளக்கட்டும். மற்றவர்கள் இடைமறித்துக் கேட்கட்டும். துறை ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தடம் மாறும்போது மட்டும் பேசட்டும். அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய பணி நேரக் கணக்கில் முழு வகுப்பாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.