மைசூரு வாணமும் இராமேசுவரத்து இளைஞரும்

மைசூருவுக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி சூழ்ந்த தீவில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. அரங்கநாதர் ஆலயத்தையும் கோட்டையையும் கண்டு மகிழும் நம்மவர், ராக்கெட் வரலாற்றில் இவ்வூருக்கு உள்ள இடத்தையும் அறிதல் வேண்டும்.

காகிதக் குழாயில் மருந்தடைத்து வாணம் விடுவது பழைய வழக்கம். ஹைதர் அலியின் கைவினைஞர்களோ இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்குமாதலால் வாணம் நெடுந்தூரம் பாய்ந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை மைசூர்ப் படையிடம் தோற்றது. அன்று அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்ததற்கு இவ்வாணங்களே காரணம் என்று கூறுவர்.

1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அரசு மறைந்தது, ஆதரித்தவர் மறையவே அக்கைத்தொழிலும் மங்கிற்று. கைப்பற்றப்பட்ட வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அங்கே ஊல்விச் நகரில் வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து, பலமுறை சோதித்து, புதிய ராக்கெட்டுகளைச் செய்தார். அவை 1807இல் கோபன்ஹேகன் நகர்மீது பொழிந்தன.

1963இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் என்னும் இளம் பொறியாளர், பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குச் சென்றார். வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் அவர் கண்ணில் பட்டது. திப்புவின் வீரர்கள் ஆங்கிலேயர்மீது ராக்கெட் எய்யும் காட்சி அது! தாய்நாடு மறந்துவிட்டதைக் கடல் கடந்த நாடு போற்றுகிறதே என வியந்ததைத் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார்.

பின்னர் எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநரானார். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவில் ஏவிய முதல் ராக்கெட் கடலில் வீழ்ந்தது. பத்திரிகையாளர் முன் பொறுப்பேற்றவர், விண்வெளி நிறுவனத் தலைவரும் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழக இயக்குநருமான சதீஷ் தவன். கலாமும் அவர் குழுவினரும் பழுதின் காரணத்தைத் துருவி ஆராய்ந்து திருத்தினார்கள். 1980 ஜூலை 18ஆம் நாள் 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி புவியைச் சுற்றத் தொடங்கிற்று. அன்று பத்திரிகையாளரைச் சந்திக்கும் பெருமையைத் தவன் கலாமுக்கே அளித்தார்.

மைசூரின் கைவினைஞருக்குத் திறமை குறைவில்லை. அத்திறமையை ஆராய்ந்து, பதிந்து, அடுத்த தலைமுறைக்குத் தரும் ஏற்பாடுதான் அன்று இல்லை. கலாமின் காலத்தில் அது இருந்தது. நேயர்களே, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது போரின் கதையோடு இதனையும் சொல்லுங்கள்.