உப்பு வரி சொல்லும் பாடம்



மரக்காணம் அளத்தில் உப்பு வாரும் நம்ம பெண்களுக்கு இந்த வரலாறு தெரியணும். வெள்ளைக்காரன் ஆட்சியில் அனுமதி இல்லாமல் உப்பு எடுத்தால் குற்றம். வாங்கும் உப்புக்கோ வரி.

இதே வெள்ளைக்காரன் அமெரிக்காவிலும் வரி போட்டான். “எங்களைக் கேட்டா போட்டீங்க?” என்று 1773-ல் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், 1775-ல் துப்பாக்கியே தூக்கினார்கள். நம்மவர்கள் 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய், தடையை மீறி உப்பு அள்ளினார்கள். ருக்மணி லட்சுமிபதி என்ற பெண்மணியும் அதில் சிறை சென்றார்.

காசு மட்டும் பிரச்சினை இல்லை. கேட்காமல் எடுத்ததுதான் பிரச்சினை. கூலியில் பிடித்தாலும், கிராம சபையில் வரவு செலவு வாசித்தாலும், நம்ம குழு நோட்டிலும் நாமும் கணக்கு கேட்போம். அதுக்குத் துப்பாக்கி வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து நின்னா போதும்!